எண்ணெயில் ஊறினாலும் பிரைமர் சாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சாஸில் வேட்டைக்குப் போகும் நம்மவர்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், வீட்டிலேயே தோட்டா நிரப்பும் ஒருவர், தோட்டாவின் உலோகக் கூட்டில் கோணலாக உட்கார்ந்துவிட்ட பிரைமரை (அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பாகம்) ராத்திரி எண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் ஆணியால் தட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தார். படித்ததும் பகீரென்றது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

நான் சிவகாசிக்காரன். ஹூஸ்டனில் 18 வருடமாகத் தோட்டா நிரப்புகிறேன். எண்ணெயில் ஊறிய பிரைமர், காய்ந்த பிறகு வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஊறினாலும் அது உயிரோடு இருப்பதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரைமர் என்பது ஒரு குட்டிப் பித்தளைக் கிண்ணம். பெரிய ரைபிள் பிரைமரே குறுக்கே 5.3 மில்லிமீட்டர்தான். உள்ளே மருந்து, அதன்மேல் சின்னப் பட்டடை. இரண்டுக்கும் நடுவே மருந்து சடாரென்று நசுங்கினால் வெடிக்கும். ஆணியும் சுத்தியலும் செய்வது அதைத்தான். தோட்டா நிரப்பும் கைப்பிடி எந்திரமான பிரஸ்ஸில் கூட்டை மாட்டி, அதில் பொருத்தும் டை என்ற அச்சின் ஊசியால் உள்ளிருந்து மெதுவாக, ஒரே சீராக அழுத்தினால் அநேகமாகச் சத்தமில்லாமல் கழன்று வந்துவிடும்.

அநேகமாக என்றுதான் சொல்கிறேன். 2021-இல் பிரைமர் கிடைக்காத நேரம், கழுத்தில் விரிசல் விட்ட கூடுகளிலிருந்து பிரைமர்களை மீட்கலாம் என்று உட்கார்ந்தேன். இருபதாவதில் பொறுமை போய்க் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். டப்! கண்ணாடியில் கரிப்பொட்டு, காதில் அரைமணி நேரம் இரைச்சல். ஒரு முழம் தள்ளி 100 பிரைமர் அட்டை திறந்தே கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பட்டாசு ஆலையில் மருந்து கலந்த என் அப்பா, சாவிக்கொத்தைக்கூட வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

இப்போது கூட்டில் துளி வெடிமருந்து இல்லை என்று பார்த்துவிட்டு, மற்ற பிரைமர்களை அறையை விட்டே வெளியேற்றிய பிறகுதான் தொடுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு, முகம் பிரஸ்ஸுக்கு நேரே இல்லாமல் சற்று விலகி. ஒரு தடவைக்கு ஒன்றுதான். ஊசி இறங்க மறுத்தால் அங்கேயே விட்டுவிடுவேன். தலைகீழாகச் செருகியது என்றால் தொடுவதே இல்லை. அதில் ஊசி நேரே கிண்ணத்தின் அடியில் குத்தும், துப்பாக்கி குத்துவதைப் போலவே. அதைக் கூட்டோடு எங்கள் சுடுதளத்தில் பழுதான தோட்டாவுக்கு வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுவேன். மருந்தில் ஈயம் உண்டு. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அந்த எண்ணெய் யோசனைக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள்.

— ஒரு வாசகர், ஹூஸ்டன்