அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் வீடு, மனை பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், வங்கிக் கடன், வாஸ்து என்று எல்லாம் விவரமாக வருகிறது. தண்ணீருக்கு மட்டும் கடைசியில் ஒரு வரி: ‘குடிநீர் வசதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும்.’ காரிமங்கலத்தைச் சேர்ந்த நான், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் 27 வருடமாகப் பிளம்பர் வேலை செய்கிறேன். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. பிளம்பரே ஏமாந்தான் என்றால் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

2018 சித்திரையில், தருமபுரி நகரை ஒட்டி ஒரு பழைய வீட்டை 18 லட்சத்துக்கு வாங்கினேன். 30க்கு 40 மனை, தெற்குப் பார்த்த வாசல். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டி, 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். சர்வேயரைக் கூட்டி வந்து நான்கு பக்கமும் அளந்தேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் என்று கிட்டத்தட்ட 2 லட்சம் பத்திரச் செலவுக்கே போனது. (2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.) குழாய்களை எல்லாம் நானே திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. உள்ளே புது பெயிண்ட் வாசம். கீழே இரண்டடி உயரத்துக்கு மட்டும் சுவரில் புதிதாகப் பட்டி பார்த்திருந்தார்கள். வீட்டை நன்றாக வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டி எதற்கு என்று ஐப்பசியில் தெரிந்தது. மழை பிடித்த மூன்றாம் நாள் சுவரில் ஓதம் ஏறி, பட்டி அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. அன்று ராத்திரியே தெருத் தண்ணீர் குளியலறை நானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் குழி) வழியாக எதிர்த்து உள்ளே வந்தது. ஊருக்கெல்லாம் டிரெயின் போட்டுக் கொடுக்கிறவன், அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்தார். “இந்த வீட்டுக்கு மூணு படி இருந்துச்சு கண்ணு. ரெண்டு ரோட்டுக்கு அடியில போயிடுச்சு” என்றார். நான் வாங்கும்போது வாசலில் ஒரே ஒரு படிதான் இருந்தது. முட்டி வலிக்கார அம்மாவுக்கு வசதியாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டவன் நான்தான்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் ஒருமுறை மேலேயே கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்று சிலர் வந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வீடு எழுவதற்குப் பதில் நான் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் உள்ளே மண் கொட்டித் தரையை ஒன்றேகால் அடி உயர்த்தினோம். கதவு நிலைகளைக் கழற்றி உயர்த்தக் கையில் காசு இல்லை. உயரமான விருந்தாளிகள் இன்றைக்கும் குனிந்துதான் உள்ளே வருகிறார்கள். மரியாதை என்று வைத்துக்கொள்கிறோம்.

இதில் தவறு என்னுடையது. ஒரு டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப், போதும். கையிலேயே இருக்கிற சாமான். ஒரு முனையை ரோட்டின் நடுமுதுகிலும் மறு முனையைக் கூடத்துத் தரையிலும் பிடித்தால், எது உயரம் எது பள்ளம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்திரத்துக்கு வக்கீலைக் கூட்டிப் போகிறோம், இதற்கு ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போகத் தோன்றுவதில்லை. படி குறைவாக இருக்கிற பழைய வீட்டில், படி ஏன் குறைந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

போர் (ஆழ்துளைக் கிணறு) எப்படி என்று சித்திரையில் பார்க்க வேண்டும், சுவர் எப்படி என்று ஐப்பசியில் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் எந்தப் புரோக்கரும் காத்திருக்க மாட்டார், தெரியும். அடித்து ஒரு மழை பெய்த மறுநாள் குடையோடு ஒருமுறை போய் நிற்பதற்கு என்ன தடை?

புது மனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, அரூரில் 33. ஊத்தங்கரைப் பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துப் போனதை நாடே டி.வி.யில் பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பக்கம் பத்து நாள் எனக்கு வேலை இருந்தது. மோட்டாரைக் கழற்றுவது, சம்பில் (தரைக்கு அடியில் இருக்கிற தொட்டியில்) சேறு அள்ளுவது, அதே வேலைதான். போன இடத்திலெல்லாம் வயதானவர்கள் ஒரே மாதிரி பேசினார்கள்: “இது வாய்க்கா வந்த தடம்ப்பா. தண்ணி மறக்குமா?” மனை வாங்கியவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். வெயில் காலத்தில் வந்து, கல் நட்டு வர்ணம் அடித்த மனையைப் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தவர்கள்.

வாய்க்கால் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல் சுற்றி இருக்கிற நான்கைந்து எண்களையும் போட்டுப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பாடு வந்தால் உஷாராகிவிடலாம். அப்புறம் அந்த ஊர் டீக்கடையில் ஒரு கேள்வி: ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? இதற்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், கை நீட்டியே காட்டிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது தண்ணீர் போகிற வழி. வருகிற தண்ணீர்தான் எங்கள் மாவட்டங்களுக்குப் பெரிய விஷயம்.

என் முன்பற்களில் காவிக் கோடு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் வெற்றிலை போடுகிறவன் என்று நினைப்பார்கள். நான் பாக்குகூடப் போட்டதில்லை. நான் வளர்ந்தது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், குடித்தது போர் தண்ணீர். பாறையிலிருந்து கரைந்து வருகிற ஃபுளோரைடு செய்த வேலை அது. எனக்குப் பல்லோடு போயிற்று. எங்கள் ஊரில் முதுகு நிமிராமல் போனவர்களும் உண்டு, கால் வளைந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது குடிநீர்த் தரக் கணக்கு. இதற்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அளவு கூடத்தான் செய்யும்.

இப்போது வீடு பார்க்க வருகிற பையன்கள் சட்டைப்பையில் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார்கள். டம்ளரில் முக்கிவிட்டு, “நானூறுதான் காட்டுது அண்ணா, சூப்பர் தண்ணி” என்கிறார்கள். அந்தப் பேனா மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்திலேயே ஆய்வகம் இருக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துப் போங்கள். ஃபுளோரைடு பார்க்க பிளாஸ்டிக்தான் சரி, கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஆகிற செலவைப் பத்திரச் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. அதற்கும் முன்னால், காசில்லாமல் ஒன்று செய்யலாம். வீடு இருக்கிற தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சிரிப்பதைப் பாருங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் 2013இல் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் கேட்க வேண்டியது, “ஒகேனக்கல் தண்ணி வருதா” என்று மட்டும் இல்லை. வீட்டுக்குள் இணைப்பு இருக்கிறதா, தெருக்குழாயா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, கட்டணப் பாக்கி உண்டா என்று கேட்க வேண்டும். முக்கியமாக, அந்தத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்பில் விழுகிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். பத்து வீட்டில் ஏழு வீட்டில் ஒரே சம்புதான். காவிரியையும் பாறைத் தண்ணீரையும் கலந்து குடித்துக்கொண்டு, எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் என்பார்கள். குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைக்க அரை நாள் வேலை.

உப்புத் தண்ணீரின் இன்னொரு வேலை பைப்புக்குள்ளே நடக்கும். பழைய வீடுகளில் நான் வெட்டி எடுக்கிற ஒரு இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சுண்ணாம்பு படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். குழாயை மாற்றிப் பயனில்லை, லைன் முழுக்க மாற்ற வேண்டும், சுவரைக் கொத்த வேண்டும். வாங்கும் முன் டேங்கிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற குழாயில் வாளியை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஃபிளஷ் டேங்க் மூடியைத் தூக்கி, உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை அடித்த சுவர் பொய் சொல்லும், ஃபிளஷ் டேங்குக்குள் யாரும் வெள்ளை அடிப்பதில்லை.

போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால்தான் சரியாக 50 வரும். அப்படி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தன் டேங்கை உங்கள் போருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் வைத்திருப்பார். மதிலுக்கு மேல் ஒருமுறை எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு மூன்றே விஷயம். சுவருக்குள் பைப் புதைத்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் லைனில் தண்ணீரை ஏற்றி, அழுத்தம் கொடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்து, கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அறுபது ரூபாய் எல்போ (பைப் வளைவு) ஒன்று சரியாக ஒட்டாததற்கு, ஒரு லட்ச ரூபாய் டைல்ஸை உடைத்திருக்கிறேன். உடைத்தது நான், ஒட்டியது வேறு ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரிகளிடம் கேட்க ஒன்று உண்டு. ஊராட்சி மேல்நிலைத் தொட்டிகளில் கொள்ளளவும் சுத்தம் செய்த நாளும் பெயிண்டில் எழுதி வைக்கிறார்கள். அதே பெயிண்டில், அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு, எந்தத் தேதியில் பரிசோதித்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதலாம். வீடு வாங்க வருகிறவனும் படிப்பான், அந்த ஊர்க்காரனும் படிப்பான்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகளும் மாப்பிள்ளையும் கிருஷ்ணகிரியில் காவேரிப்பட்டினம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். 32 லட்சம் சொல்கிறார்கள். போன வாரம் நல்ல மழை பெய்த மறுநாள் நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். ரோட்டைவிடத் தரை ஒன்றரை அடி மேலே இருக்கிறது, சுவர் காய்ந்திருக்கிறது. நான் சம்பு மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது என் மனைவி தெருக்குழாயடியில் நின்ற பெண்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, “மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதாம்ங்க. ஆனா போர் தண்ணியில பருப்பு வேகாதாம்” என்றாள். புரோக்கர் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேற பார்ட்டி ரெடியா இருக்காங்கண்ணா” என்று அதிலிருந்து தினமும் போன் செய்கிறார்.

போர் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் அட்வான்ஸ் பணம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.