எதிரே வருபவனுக்கும் ரோடு தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை சந்தையில் பூ ஏற்றி, களியக்காவிளை வழியாக கேரளத்து நெய்யாற்றின்கரை வரை லோடு வண்டி ஓட்டுகிறேன். விடியுமுன் சரக்கு சேர வேண்டும் என்பதால் என் ஓட்டமெல்லாம் இருட்டில்தான். ஹெட்லைட்டில் கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு கடையில் எல்.இ.டி. மாட்டி வரும் வண்டிகளால் படும் பாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வில்லுக்குறி, தக்கலைப் பக்கம் அப்படி ஒரு கார் எதிரே வந்தால் முதலில் மறைவது ரோட்டோரத்து வெள்ளைக் கோடு. அப்புறம் அந்த ஓரத்தில் போகிற ஆட்கள். அந்த நேரத்தில் யார் போவார்கள்? ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், குளச்சலில் மீன் எடுத்து டூவீலரில் பெட்டி கட்டி வருகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் நடந்தே மலைக்குப் போகும் சாமிமார். கார் கடந்த பிறகும் சில வினாடிகள் கண்ணில் ஒன்றும் படாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி 14 மீட்டர் போய்விடுகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கமாக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது என்கிறது. கம்பெனி போட்டுத் தரும் ஹாலஜன் பல்பில் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் விளக்குக்குள் உள்ள ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். அதில் வேறு பல்பைச் சொருகினால் டிம் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறும். கம்பெனியே எல்.இ.டி.யோடு விற்கும் வண்டியில் அதற்கென்று அமைப்பே வேறு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது.

பின்விளக்கு இதைவிட மோசம். சிவப்புக் கண்ணாடி மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பிரேக் பிடித்தாரா இல்லையா என்பது பக்கத்தில் போனால்தான் தெரிகிறது. பின்னால் எரியும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது விதி.

கம்பெனி விளக்கு மங்கல் என்பவர்களின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. நம் ரோட்டுப் பள்ளங்களைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் பல வண்டிகளில் கோளாறு பல்பில் இல்லை. வெயிலில் மஞ்சளித்த முகப்பை பாலிஷ் போட்டு, எர்த் வயரைச் சரிபார்த்து, அதே வாட்ஸில் நல்ல பல்பு போட்டாலே போதும். அப்புறம் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒரு திருகு பல கார்களில் உண்டு. பின்னால் ஆளும் லக்கேஜும் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது அதைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் இதையாவது செய்யலாம்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பழைய பல்பைப் போட்டுக் காட்டிவிட்டு, மறுநாளே மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் பகல் சோதனை பிரயோஜனப்படாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் போக்குவரத்து போலீசும் சேர்ந்து இரவில் ஆரல்வாய்மொழியிலும் களியக்காவிளையிலும் நின்று பார்க்க வேண்டும். மாட்டிக்கொடுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போக வேண்டும். சபரிமலை சீசன் தொடங்குமுன் இதைச் செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூ வண்டி ஓட்டுநர்,
தோவாளை.