மூன்று பெட்டியை ஒன்றாக்கிய கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில் வீட்டு சர்வர் (வீட்டில் எந்நேரமும் ஓடி ஃபைல், படம் எல்லாம் தரும் கம்ப்யூட்டர்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடுங்கள், வீட்டில் சும்மா கிடப்பதுதானே என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும் பகீரென்றது. நான்கு வருடம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சும்மா கிடந்த பெட்டி சும்மா ஓடாது என்பது ஈபி பில்லைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடின. ஒன்றில் விண்டோஸ் 7, பழைய கணக்கு மென்பொருள், பல வருடத்துப் பேரேடுகள். இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் ஃபைல்களும் குடும்பப் போட்டோக்களும். மூன்றாவது டிவிக்குப் படம் அனுப்ப மட்டும். இந்த இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ப்ளக்கில் மாட்டும் ஒரு வாட் மீட்டர் வாங்கி அளந்தேன்: மூன்றும் சேர்ந்து 160 வாட். கேட்க ஒரு குண்டு பல்பு மாதிரிதான் இருக்கிறது, 24 மணி நேரமும் 60 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 230 யூனிட்! நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங், அதில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியதற்கு மட்டுமா கூடுகிறது, அதற்கு முன்னால் இருக்கும் 101-லிருந்து 200 வரைக்குமான சலுகையும் போய்விடுகிறது. ஏசி போடாத மாதத்திலும் நாங்கள் 500-ஐத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

இதற்கு வழி விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைத் தனித்தனியாக ஓட்டுவது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரே வீட்டைத் தடுத்து நாலு போர்ஷனாக வாடகைக்கு விடுகிற மாதிரிதான், ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, போர் மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் பொது. ஒரு போர்ஷனில் விண்டோஸ், பக்கத்தில் லினக்ஸ், ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாலும் மற்றவர் பாட்டுக்கு இருப்பார். ஐபிஎம் 1972-லேயே பெரிய மெஷின்களில் இதை விற்றது. 2005, 2006 வாக்கில் இன்டெல்லும் ஏஎம்டியும் சாதாரண சிப்பிலேயே இதற்கான வசதியைக் கொடுத்துவிட்டன, 2007-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இந்த வேலையைச் செய்யும் கேவிஎம் வந்துவிட்டது. ஆகவே விலை உயர்ந்த சர்வர் வேண்டும் என்ற பயமும் தேவையில்லை, பல மெஷின்களில் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த வசதி அணைந்து கிடக்கும், போய் ஆன் செய்தால் போதும்.

நான் வாங்கியது அலுவலகங்கள் கழித்துக்கட்டும் குட்டி பிசி, டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது, இன்டெல் ஐ5-8500டி சிப், ஆறு கோர் (ஒரே சிப்பில் ஆறு மூளை மாதிரி). சென்னை போனபோது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எடுத்தது. ரேமை (ஓடும் மென்பொருள்கள் தங்கும் நினைவகத்தை) மட்டும் 32 ஜிபி ஆக்கினேன், அதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். வீட்டு சர்வர்களின் சிபியு, அதாவது வேலை செய்யும் அந்த சிப், பாதி நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், நாலு பேர் தாராளமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ரேம் அப்படியில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டால் பிடித்ததுதான். மேலே போட்டது போர்ஷன் பிரித்து நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள், வியன்னாக்காரர்களுடையது, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டியது, பணம் கட்டாமலே முழுதாக ஓடும். (இதே வேலைக்கு உங்கள் கட்டுரையாளர் சொன்ன விஎம்வேர் இலவசப் பதிப்பை, அந்த நிறுவனத்தை வாங்கிய பிராட்காம் 2024 பிப்ரவரியில் நிறுத்தியது, 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தது. அந்த ஒரு வருடம் தவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.)

லினக்ஸ் பெட்டிகள் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உள்ளே வந்துவிட்டன. விண்டோஸ் 7-தான் படுத்தியது. மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற கருவியை வைத்து ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து, புது மெஷினில் ஏற்றி, ஆன் செய்தால் விண்டோஸ் படுத்துவிட்டது என்று சொல்லும் நீலத்திரை, பிழை எண்ணின் கடைசியில் 7பி. பேரேடெல்லாம் போச்சு என்று வயிறு கலங்கிவிட்டது. ஒன்றும் போகவில்லை, வேகமாக இருக்கும் என்று டிஸ்க்கை விர்ட்ஐஓ என்ற விர்ச்சுவல் மெஷின்களுக்கான முறையில் மாட்டியிருந்தேன், அதைப் படிக்கத் தேவையான ட்ரைவர் என்ற சின்ன மென்பொருள் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸுக்குத் தெரிந்த பழைய ஐடிஇ முறைக்கு மாற்றி மாட்டினேன், எழுந்துகொண்டது. அப்புறம் 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை மட்டும் விர்ட்ஐஓவாகக் கூட மாட்டி, அந்தச் சாக்கில் ட்ரைவரைப் போட்டு (விண்டோஸ் 7-க்குப் பழைய பதிப்பு ட்ரைவர்தான் ஒத்துக்கொள்ளும்), அணைத்து, முதல் டிஸ்க்கையும் மாற்றினேன், சரியாகிவிட்டது. மெஷின் மாறிவிட்டதால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், வாங்கியபோது வந்த உரிம எண்ணைத் (கீ) தேடி வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது அல்லவா, இப்போது அதை இன்டர்நெட் பக்கமே விடாமல் உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். தனிப் பெட்டியாக இருந்தபோது இதைச் செய்யச் சோம்பலாக இருந்தது.

மொத்தமும் இப்போது 20 வாட். இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். முன்பு கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிடத்தில் கத்தும், இப்போது அதே யூபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்குகிறது.

ஆனால் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடாதீர்கள், நான் தள்ளி மாட்டிக்கொண்டேன். விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் என்ற மென்பொருள் முன்பு ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் இருந்தது, இதற்கெதற்குத் தனியாக என்று அதையும் கொண்டுவந்தேன். ஒரு நாள் அப்டேட் போட்டுப் பெட்டி திரும்ப எழவில்லை. வீட்டில் யார் போனிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை, ஏனென்றால் தளத்தின் பெயரைக் கேட்டு எல்லோருக்கும் முகவரி சொல்ல வேண்டிய டிஎன்எஸ் வேலையையும் பை-ஹோல்தான் செய்கிறது, அது அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மனைவி சமையலறையிலிருந்து "இந்தத் தடவை என்னங்க பண்ணீங்க?" என்று கேட்கிறார், பிழைச் செய்தியைத் தேடிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் நெட் இல்லை. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் படித்துத்தான் சரிசெய்தேன். மறுநாளே பை-ஹோல் பழைய ராஸ்பெர்ரிக்குப் போய்விட்டது.

பேக்கப்பும் அதே மாதிரிதான். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) எடுத்தேனே என்பார்கள், அது அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது, டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். முன்பு மூன்றில் ஒன்று போனால் ஒன்றுதான் போகும், இப்போது மூன்றும் போகும், அதனால் தினமும் இரவு ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்கும், மாதம் ஒருமுறை தம்பி வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க்குக்கும் முழுப் பிரதி போகிறது. ஒருமுறையாவது அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் முதலில் எடுத்தபோது பாதி காலியாக இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மூன்று பெட்டிகளும் ஹார்ட் டிஸ்க் கழற்றப்பட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. காயலான் கடையில் எடைக்குப் போட மனம் வரவில்லை. திருச்சிப் பக்கம் மின்கழிவை முறையாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் எவை என்று உங்கள் நிருபர் விசாரித்து ஒரு செய்தி போட்டால் நானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி