பான் தெய்வத்தின் மேல் பழி போடாதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு திருவிழாவில் நெரிசலில் சிக்கிச் சிலர் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். விசாரணை தொடங்கும் முன்பே திரையின் அடியில் வரி ஓடிவிட்டது: 'பேனிக் ஆன கூட்டத்தால் விபரீதம்'. செத்தவர்கள் மேலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. நெரிசல் சாவுக்குக் காரணம் என்று 'பேனிக்' (திடீர்ப் பீதி) என்ற சொல்லைப் போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்தச் சொல்லின் வேர் ஒரு தெய்வத்தின் பெயர். கிரேக்கத்தின் ஆர்க்கேடியா மலைநாட்டில் மேய்ப்பர்களின் தெய்வம் பான் (வருமான வரி பான் அல்ல). ஆட்டுக்கால், தலையில் கொம்பு. மந்தை திடீரென மிரண்டு ஓடினால் அது பானின் வேலை என்றார்கள். ராத்திரியில் படைமுகாம் சும்மாவே அலறி எழுந்தாலும் அவர்தான். கி.மு. 279இல் கிரேக்கப் புனிதத் தலமான டெல்பியைத் தாக்க வந்து பின்வாங்கிய கெல்டிக் படையினர், குதிரைகள் வரும் சத்தம் கேட்டதாக நினைத்து, இருட்டில் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். இதை எழுதிவைத்த பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ், காரணமில்லாத அச்சம் பானிடமிருந்து வருவதாகச் சொல்வார்கள் என்கிறார். பானின் பெயரிலிருந்து பிறந்த பேனிக் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

காரணமில்லாத அச்சம். நெரிசலில் காரணம் இல்லையா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம், 1989 ஏப்ரல் 15. வெளியே கூட்டம் நெருக்கியதால் போலீஸே ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. எதிரே இருந்த சுரங்கப்பாதையை யாரும் மூடவில்லை. ஏற்கெனவே நிரம்பிவிட்ட அடைப்புகளுக்குள் மேலும் ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் இரும்புவேலி. ஓட எங்கே இடம்? கையைக்கூட உயர்த்த முடியாமல், நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு நின்றது. மொத்தம் 97 உயிர்கள். ரசிகர்கள்தான் வாயிலை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று காவல் அதிகாரி சொன்ன பொய் ஊரெல்லாம் பரவியது. அவர்கள் மேல் தவறில்லை என்று நடுவர் குழு சொன்னது 2016இல். அதுவரை 27 ஆண்டுகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவதூறையும் சேர்த்தே சுமந்தார்கள்.

சதுர மீட்டருக்கு ஏழு பேர் நெருங்கி நின்றாலே கூட்டம் தண்ணீர்போல் அலைய ஆரம்பிக்கும். யாரும் மிரளவே வேண்டாம். எத்தனை வாயில், எவ்வளவு அகலம், யார் அனுமதி கொடுத்தது என்று கேட்க நிருபருக்கு நேரமில்லை என்றால், பான் மேலேயே ஒரு முதல் தகவல் அறிக்கை போட்டுவிடலாமே. பாவம், முன்ஜாமீன் கேட்டுக்கூட வரமாட்டார். 'லேசான தடியடி' என்று கூசாமல் எழுதுகிறவர்கள்தானே நீங்கள்! லேசா இல்லையா என்று அடிபட்டவரைக் கேட்டதுண்டா? சரி, அது வேறு வழக்கு.

கோபத்தில் மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை நெரிசல் சாவுக்குக் காரணமாகப் பேனிக்கும் வேண்டாம், பீதியும் வேண்டாம். 'நெரிசலில் சிக்கி இறந்தனர்' என்பது போதும். அதற்கடுத்த வரியில் வாயிலின் அகலத்தைப் போடுங்கள். இதை உங்கள் உதவி ஆசிரியர்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளை நாள்தோறும் பார்க்கும் ஒருவர்