பூலில் ஹார்ட் டிஸ்க் சேர்க்கும்போது '-எஃப்' வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தை முகூர்த்தங்கள் வந்துவிட்டால் நெல்லையில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் பக்கத்து வீடியோ ஸ்டுடியோக்களில் நாஸ் பெட்டி (கோப்புகளைச் சேமிக்கும் நெட்வொர்க் கணினி) நிரம்பிவிடுகிறது. உடனே இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எங்கோ பார்த்த கட்டளையை டெர்மினலில் அடித்துச் சேர்த்துவிடுகிறார்கள். பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் இசட்.எஃப்.எஸ். பூலில் இதைத் தவறாகச் செய்தால் ஊர்க்காரர்களின் கல்யாண வீடியோக்கள் மொத்தமாகப் போய்விடக்கூடும். தொழில்நுட்பப் பக்கத்தில் இதற்கு இடம் தர வேண்டுகிறோம்.

மூன்று 4 டிபி டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு-இசட்1 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் அமைப்பு) பூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவதை அந்த மூன்றோடு இணைக்க 'இசட்பூல் அட்டாச்' கட்டளை கொடுத்தால், பழைய பதிப்புகள் மறுத்துவிடும். சரி என்று, தனித் தொகுதியாகச் சேர்க்கும் 'இசட்பூல் ஆட்' கொடுத்தால், 'மிஸ்மேட்ச்டு ரெப்ளிகேஷன் லெவல்' (பாதுகாப்பு அளவு பொருந்தவில்லை) என்று எச்சரித்து, மீற வேண்டுமானால் '-எஃப்' போடு என்று அதுவே சொல்லும். அந்த எழுத்தைப் போட்டவுடன் 4 டிபி இடம் கூடிவிடும். வேலை முடிந்தது என்றே தோன்றும். உண்மையில் அந்த டிஸ்க், பழைய மூன்றுக்கும் வெளியே, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தனியாக நிற்கிறது. புதிதாக எழுதும் கோப்புகளின் துண்டுகள் அதிலும் விழும். அது ஒன்று செத்தால் பூல் முழுவதும் போய்விடும். ரெய்டு-இசட் உள்ள பூலிலிருந்து அதை 'ரிமூவ்' கொடுத்துக் கழற்றவும் முடியாது.

ஏற்கெனவே அப்படிச் செய்தவர்கள் பதற வேண்டாம். அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி, தனியாக நிற்கும் டிஸ்க்கோடு 'இசட்பூல் அட்டாச்' மூலம் மிரராக (ஒன்றின் நகலாக மற்றொன்று) இணைத்துவிடுங்கள். செலவுதான்; ஆனாலும் இன்றே செய்ய வேண்டிய செலவு.

முறையாகச் சேர்க்க, முதலில் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' பார்த்து, எல்லாம் 'ஆன்லைன்' என்று இருந்தால் மட்டும் தொடருங்கள். புது டிஸ்க்கை 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற டிஸ்க் சோதனைக் கட்டளை வழியாக நீண்ட சோதனைக்கு விடுங்கள். டிஸ்க்குகளுக்குக் கணினி தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த முறை கணினி ஏறும்போது மாறக்கூடியவை. 'பை-ஐடி' ஃபோல்டரில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்து வரும் நீளமான பெயரையே கொடுங்கள். சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ட்ரேயின் முன்பக்கம் ஒட்டிவையுங்கள். பின்னால் ஒரு டிஸ்க் செத்தால் நல்லதைப் பிடுங்கிவிடாமல் இருக்க அதுதான் உதவும்.

இரண்டு டிஸ்க் வாங்க முடிந்தால் அவற்றை மிரர் ஜோடியாக 'ஆட்' கொடுப்பது மிரர் பூலுக்கு நல்ல வழி. அப்போது '-ஓ ஏஷிஃப்ட்=12' சேர்த்துக்கொள்ளுங்கள்; 4,096 பைட் துண்டுகளாக எழுதும் 4கே செக்டர் டிஸ்க்குகளுக்கு அதுதான் சரி, பிறகு மாற்ற முடியாது. முதலில் '-என்' போட்டு ஓட்டினால் எதையும் எழுதாமல், பூல் எப்படி ஆகும் என்று மட்டும் காட்டும். புது டிஸ்க்குகள் இரண்டும் 'மிரர்' என்ற வரிக்குக் கீழே உள்தள்ளி நிற்க வேண்டும். அந்த வரிக்கு நேராக, ஓரத்தில் நின்றால் என்டரைத் தொடாதீர்கள்.

ரெய்டு-இசட்டையே அகலப்படுத்தும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்.எஃப்.எஸ். 2.3-இல்தான் கிடைத்தது. அதில் பூலின் பெயர், 'ஸ்டேட்டஸ்' காட்டும் தொகுதிப் பெயர் ('ரெய்டுஇசட்1-0'), புது டிஸ்க் என்ற வரிசையில் 'அட்டாச்' கொடுக்க வேண்டும். அதற்கு முன் 'இசட்பூல் அப்கிரேட்' தேவைப்படலாம். செய்தபின் அந்தப் பூலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போகும். விரிவாக்கம் முடியும்வரை புது இடம் தெரியாது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய கோப்புகளில் தரவுக்கும் பாதுகாப்புத் தகவலுக்கும் உள்ள விகிதம் பழையபடியே இருப்பதால், கணக்குப் போட்டதைவிடக் குறைவாகவே இடம் காட்டும், அது பழுதல்ல. எஸ்.எம்.ஆர். வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். ரீசில்வர் (மாற்றிய டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும்.

'ஆட்' கொடுப்பதற்கு முன் பூலின் அப்போதைய நிலையைக் குறித்துவைக்கும் 'இசட்பூல் செக்பாயின்ட்' எடுத்துவைத்தால், தவறு நடந்தாலும் பூலை எக்ஸ்போர்ட் செய்து பழைய நிலைக்கே இம்போர்ட் செய்யலாம். இடையில் எழுதியவை மட்டும் போகும். எல்லாம் சரியென்று தெரிந்ததும் '-டி' கொடுத்து அதை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அழித்த கோப்புகளின் இடம் திரும்பக் கிடைக்காது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷனுக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தோம். தரைத்தளத்தில் இருக்கும் பெட்டிக்கு எந்த ரெய்டும் காவல் இல்லை. இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில், மாடியில் வையுங்கள்.

— சேமிப்புக் கணினிகள் பராமரிப்போர்,
பாளையங்கோட்டை