முரண்நகை என்று எழுதுமுன்: வேலூர்ச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கங்களுக்குச் செய்தி எழுதுவோருக்கும் தலைப்பு வைப்போருக்கும் வணக்கம்.

விபத்துச் செய்தியிலிருந்து தேர்த்திருவிழா வரை 'முரண்நகை' (ஆங்கிலத்தில் irony) என்ற சொல்லை இப்போது தாராளமாகப் போடுகிறீர்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது தற்செயல், இல்லையென்றால் கெட்ட நேரம், இல்லையென்றால் வெறும் முரண். இம்மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு.

அக்னி நட்சத்திரத்தில் கல்யாணம், பந்தலில் மழை. இது கெட்ட நேரம், அவ்வளவுதான். ஐப்பசியில் வைத்தால் மழை கெடுக்கும் என்று அஞ்சி முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ளுகிறார்கள்; ஐப்பசி நாள் வெயிலடித்துப் போகிறது, வைகாசியில் பந்தல் நனைகிறது. இது முரண்நகை. எதற்குப் பயந்து நாளை மாற்றினார்களோ, மாற்றிய நாளில்தான் அது வந்தது.

வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் அருகருகே இருப்பதையும் முரண்நகை என்கிறார்கள். அங்கே யாருடைய எண்ணமும் தலைகீழாகவில்லை. 'அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு' என்ற நம் ஊர் வழக்கும் இல்லாதவற்றை அடுக்கிக் காட்டுவதுதான். (சாமியில்லாக் கோயில் என்று இன்றும் எழுதுவது தகவல் பிழையும்கூட. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டது.)

அசல் முரண்நகை அதே கோட்டையில் 1806-இல் நடந்தது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் அவர் குடும்பத்தை மைசூரிலிருந்து அகற்றி வேலூர்க் கோட்டைக் காவலில் வைத்தார்கள். மைசூரில் அவர் பெயரால் யாரும் கிளம்பிவிடக் கூடாது என்ற அச்சம். பிறகு, 1805 நவம்பரில், படையில் ஒரே சீர் வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 ஜூலை 10 விடியுமுன் அந்தச் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சீருக்காகப் போட்ட உத்தரவு சீரைக் குலைத்தது. கொடி எங்கும் ஏறக்கூடாது என்று குடும்பத்தைக் கொண்டுவந்த இடத்திலேயே கொடி ஏறியது.

இதைச் செய்தியாக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது: விளைவை எழுதி நோக்கத்தை விட்டுவிடுவது. உத்தரவு எதற்காக வந்தது என்ற வரி போனால் முரண்நகையும் போய்விடும், 'முரண்நகையாக' என்று எத்தனை முறை போட்டாலும் திரும்பி வராது. நோக்கம் முதல் வரியில், விளைவு அடுத்த வரியில் வரட்டும். அப்போது அந்தச் சொல்லையே அடித்துவிடலாம். வாசகர் தாமே கண்டுகொள்வார்.

நாடகத்தில் வருவது இன்னொரு வகை முரண்நகை. சிலப்பதிகாரத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் சிலம்பைக் காட்டுகிறான். அவன் கள்வன் என்பது நமக்குத் தெரிகிறது, கோவலனுக்குத் தெரியவில்லை.

சொல்லில் வருவது நமக்குப் பழகிய வஞ்சப்புகழ்ச்சி. அதியமானுக்காகத் தூது வந்த ஔவை, நம் தொண்டை நாட்டு மன்னன் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் பேசுகிறார்: இங்குள்ள கருவிகள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்கப் புகழ்ச்சி, உள்ளே, நீ போரே பார்த்ததில்லை என்ற செய்தி. முதல் பாதியை மட்டும் வெட்டித் தலைப்பாக்கினால் ஔவை தொண்டைமானைப் பாராட்டியதாகிவிடும்.

மேடைப் பேச்சுகளுக்கு இதுதான் தினமும் நேர்கிறது. பேசியவரின் குரலில் இருந்த ஏற்ற இறக்கம் அச்சில் வராது. எனவே வஞ்சப்புகழ்ச்சியை மேற்கோளாகத் தலைப்பில் வைக்காதீர்கள். உள்ளே வைத்து, முன்னும் பின்னும் அவர் பேசிய ஒரு வரியையாவது சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
வடஆற்காட்டுத் தமிழாசிரியர்கள் சிலர்