அடிக்குப் பயமில்லை, எடைக்குத்தான்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள வசு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பதிலைப் பேசி அனுப்பலாம் என்றால் இந்த வீட்டில் சுவருக்கெல்லாம் காது. அதனால் எழுதுகிறேன். டூட்டி முடிந்து வந்தபிறகு நிதானமாகப் படி.

முதலில் ஊர்க் கதை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், ஸ்டைலாக இருக்கிறதாம். வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என் பி.டி. பீரியடைக் கடன் கேட்பது இன்னும் நிற்கவில்லை. கடன் வாங்கினால் திருப்பித் தரவேண்டும் என்று அந்தம்மாவுக்கு யாரும் கணக்கு சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

இனி நீ கேட்டது. "உன் தம்பி பொண்ணு கூண்டுக்குள்ள சண்டை போடுறாளாமே, நெசமா?" நெசம்தான். பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டே எம்.எம்.ஏ. பழகுகிறாள், அதாவது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. காட்பாடி காந்தி நகர்ப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் ஷீட் போட்டு நடத்துகிறார்கள். கூண்டெல்லாம் அங்கே கிடையாது. தரையில் நீல மேட், தொங்குகிற பஞ்சிங் பேக், சத்தம் மட்டும் போடும் ஒரு ஃபேன், அவ்வளவுதான். பழகுகிறவர்களில் பெண்கள் இவளோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றதெல்லாம் பையன்கள்.

அதுதான் தம்பிக்கு ஆகவில்லை. "ஆம்பளப் பசங்களோட கட்டிப் பொரள்றதுக்கா பீஸு கட்றேன்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். நீதான் பி.டி. டீச்சர், போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்றான். போனேன்.

நான் போன நேரத்தில் இவள் மேட்டில் மல்லாந்து கிடந்தாள். 65 கிலோ இருக்கும், ஒரு பையன் மேலே. உள்ளபடி சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அடுத்த நொடி இடுப்பைத் தூக்கினாள். ஒரு காலை அவன் கழுத்துக்கு மேலே போட்டாள். அவன் கையை இரண்டு கையாலும் தன் மார்போடு இழுத்து, முழங்கையைத் தன் அடிவயிற்றின் மேல் வைத்து மெதுவாக நெம்பினாள். கை முழுசாக நிமிர்வதற்குள் அவன் இவள் தொடையில் படபடவென்று தட்டினான். தட்டியதுதான் தாமதம், விட்டுவிட்டாள். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று கையை நீட்டி மடக்கிப் பேசிக்கொண்டார்கள். அவன் முகத்தில் பெண்ணிடம் தோற்ற கடுப்பு துளியும் இல்லை. தட்டினால் விட்டாக வேண்டும், அதுதான் அங்கே முதல் பாடமாம். நம் காலத்துக் கபடியில் கணுக்காலைப் பிடித்துவிட்டால் "விடுடி, விடுடி" என்று கத்தினாலும் யார் விட்டோம்? உன் முட்டி இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கிறதே, அதைக் கேள்.

கண்ணில் விரல் விடக் கூடாது, பின்மண்டையில் அடிக்கக் கூடாது, முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அமெச்சூர் போட்டியில் முழங்கை அடியும் கிடையாது. இதெல்லாம் தெரியாமல்தான் நானும் 'காட்டுச் சண்டை' என்று நினைத்திருந்தேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் பாதி சமாதானம் ஆனான். அம்மாதான் ஆகவில்லை. "பொட்டப் புள்ள மூக்க ஒடச்சிக்கினு வந்து நின்னா எவன்டி கட்டுவான்?" இதே அம்மா பாரதக் கூத்து விட்டால் விடியவிடியப் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பவள். படுகளத்தன்று பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தலை முடியும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சண்டை ஓய்ந்தபிறகு கூந்தலை அள்ளி முடிந்தால் கும்பிடு, சண்டைக்கு முன்னால் இறுக்கிப் பின்னிக்கொண்டு போனால் திட்டு.

தம்பி பெண்டாட்டி ஷூ கம்பெனியில் அப்பர், அதான் ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள், உனக்குத் தெரியும். பசை நாற்றம், நாள் முழுக்க மெஷின், ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இப்படி எத்தனை ஆயிரம் பெண்கள். அவர்கள் விரலைப் பற்றி எவனும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மகள் மூக்கு மட்டும் ஊர்ச் சொத்து. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

பிள்ளை என்னை உட்கார வைத்து போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்தச் சண்டைகளை நடத்துகிற யு.எஃப்.சி. என்கிற அமெரிக்கக் கம்பெனியின் தலைவர் டேனா ஒயிட், பெண்கள் எப்போது வருவார்கள் என்று 2011இல் கேட்டதற்கு ஒருக்காலும் இல்லை என்றாராம். இரண்டே வருஷம். 2013 பிப்ரவரியில் அதே கம்பெனி ராண்டா ரௌசியையும் லிஸ் கார்மூச்சையும் இறக்கியது, அதுவும் அன்றைக்குக் கடைசிச் சண்டையாக. கார்மூச் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தாள், ரௌசி உதறிவிட்டு முதல் சுற்று முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, நான் மாடியில் பார்த்த அதே கைப்பூட்டைப் போட்டு முடித்தாள். ஆர்ம்பார் என்கிறார்கள். அவள் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவள் என்பதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் இவளுக்குச் சாமி ரௌசி இல்லை, பூஜா தோமர். உத்தரப் பிரதேசத்தில் முசாஃபர்நகர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். ஊஷு என்கிற சீனச் சண்டைக் கலை ஆடி வந்தவள். யு.எஃப்.சி.யில் சேர்ந்த முதல் இந்தியப் பெண். 2024 ஜூன் 8, அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் பிரேசில்காரி ரயானி டோஸ் சான்டோஸை ஜெயித்தாள். யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணும் அவள்தான். தீர்ப்பைக் கேள்: இரண்டு நடுவர்கள் மூன்று சுற்றையும் பூஜாவுக்கே கொடுத்து 30-27 என்றார்கள், மூன்றாவது நடுவர் மூன்றையும் எதிராளிக்குக் கொடுத்தார். ஒரே சண்டையை மூன்று பேரும் பக்கத்தில் இருந்துதான் பார்த்தார்கள்! நம் மண்டல விளையாட்டுப் போட்டி அம்பயர்களை இனித் திட்ட மாட்டேன். அடுத்த வருஷம் லண்டனில் ஷானா பேனன் என்ற அயர்லாந்துக்காரியிடம் பூஜா தோற்றாள். அதுவும் ஆர்ம்பார்தான். அதையும் இவள் மறைக்காமல் போட்டுக் காட்டினாள், அது எனக்குப் பிடித்தது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான். "இதுல வேலை கிடைக்குமாக்கா?" அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இருப்பது சத்துவாச்சாரி. இங்கே பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கியவர். பளு தூக்கினால் வாழ்க்கை தூக்கும் என்று இந்தத் தெருவில் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். எம்.எம்.ஏ. ஒலிம்பிக்கிலேயே இல்லை. நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: பெண்கள் ஜூடோ 1992இலும், மல்யுத்தம் 2004இலும், குத்துச்சண்டை 2012இலும் ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டன. மாடியில் எதை வேண்டுமானாலும் பழகட்டும், கூடவே ஜூடோவிலும் பதிவு பண்ணி மாவட்டம், மாநிலம் என்று ஆடட்டும். சர்டிபிகேட் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ரித்து போகத் மல்யுத்தத்தில் பேர் வாங்கிவிட்டுத்தானே 2019இல் இந்தப் பக்கம் வந்தாள். இதற்குத் தம்பி தலையாட்டிவிட்டான், பிள்ளையும்தான்.

இத்தனையும் ஒரு வழிக்கு வந்தது. இப்போது நான் உனக்கு எழுதுவதே வேறு விஷயத்துக்கு.

சென்னையில் ஒரு அமெச்சூர் போட்டி வருகிறது. இவள் எடை 58 கிலோவுக்குப் பக்கம். மாஸ்டர் 52.2 பிரிவில் இறங்கச் சொல்கிறார். பூஜா தோமரின் பிரிவும் அதுதான், கேட்கவா வேண்டும்? எடையைக் குறைத்து இறங்கினால் எதிரில் வருகிறவள் சின்னவளாக இருப்பாள் என்பது கணக்கு. எல்லாரும் அதே கணக்கைப் போட்டு அதே போலக் காய்ந்து வந்து நிற்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எப்படிக் குறைப்பது தெரியுமா? முதலில் சோறு போகும். அப்புறம் உப்பு. கடைசி இரண்டு நாள் தண்ணீர். அதற்கு ஒத்திகையாக, நம் வேலூர் வெயிலில், ரெயின்கோட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். நான் பார்த்த அன்றைக்குக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள், வேர்வை கொட்டியது. பக்கத்தில் ஒரு காலி பாட்டில், எச்சில் துப்ப. "நூறு கிராம்கூட வித்தியாசம் அத்தே," என்கிறாள். தெரியும்டி என்றேன். பாரிஸில் வினேஷ் போகத் அந்த நூறு கிராமுக்குத்தானே ஃபைனலை இழந்தாள்.

பெரிய போட்டிகளில் முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள், குடித்துத் தேற ஒரு பகல் ஒரு இரவு இருக்கும். இவள் போகிற போட்டியில் அன்று காலையில் எடை, அன்றே சண்டை. காய்ந்த உடம்போடு தலையில் குத்து வாங்குவதைப் பற்றி நான் நர்ஸுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் யாங் ஜியான்பிங் என்ற 21 வயசு சீனப் பையன் மணிலாவில் சண்டைக்கு முன்னாலேயே, எடை குறைக்கும்போதே செத்துப் போனான். அதற்கப்புறம்தான் அந்தச் சண்டையை நடத்த இருந்த ஒன் சாம்பியன்ஷிப் கம்பெனி உடம்பில் தண்ணீர் சத்து இருக்கிறதா என்று மூத்திரம் சோதித்து, வற்றியிருந்தால் இறக்க மாட்டோம் என்று விதி கொண்டுவந்தது. மாடிக்கும் மாநிலப் போட்டிக்கும் அந்த விதி எங்கே வரப்போகிறது?

போன வாரம் மாடியில் துணி காயப்போடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்: "ரெண்டு மாசமா தலைக்கு ஊத்திக்கல அத்தே. நல்லதாப் போச்சு, அந்த டைம்ல எடை ஏறிடும்."

சிரித்துக்கொண்டு சொன்னாள் வசு. எனக்குக் கையில் இருந்த ஈரத்துணி கனத்துவிட்டது. வயிற்றுக்குப் போதாமல் உடம்பை வருத்தினால் மாதவிலக்கு நிற்கும், நீடித்தால் எலும்பு தேயும், கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும் என்று எங்கள் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். கெட்டவன் இல்லை, இருபத்தெட்டு வயசுப் பையன். காது வரை சிவந்துபோய், "அதெல்லாம் நான் எப்படிக்கா கேக்குறது?" என்றான். முழங்கைக் கோணம், மூச்சு, தோள் எல்லாம் டிகிரி கணக்கில் சொல்லித் தருகிறவனுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. பெண்ணை மேட்டில் ஏற்றிக்கொண்டார்கள், மெச்ச வேண்டியதுதான். ஆனால் எடைக் கணக்கு முழுக்க ஆம்பளை உடம்பை வைத்துப் போட்டது. வீட்டுக்காரர்கள் மூக்கைப் பார்க்கிறார்கள், மாஸ்டர் தராசைப் பார்க்கிறார்.

நான் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறேன். 56.7 பிரிவில் இறங்கினால் ரயில் சார்ஜும் தங்கும் செலவும் என்னுடையது, இல்லாவிட்டால் ஒரு பைசா கிடையாது. அங்கே உயரமானவள் வருவாளாம். வரட்டுமே. தோற்றால் தட்டிவிட்டு எழுந்து வரலாம். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் நேற்று ராத்திரி முட்டை இருக்கிறதா என்று கேட்டாள்.

தம்பியிடம் மாதவிலக்கு விஷயத்தைச் சொன்னால் பயிற்சியையே நிறுத்திவிடுவான், அதனால் அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அத்தை சொன்னால் பயமுறுத்தல், நர்ஸ் ஆன்ட்டி சொன்னால் அறிவியல். அதனால் நீ ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுப் பேசு. நான் சொல்லிக் கொடுத்தது போல இருக்கக் கூடாது. பிரிவு மாறினால் மட்டும் போதுமா, இந்தப் போட்டியையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லதா என்பதையும் நீயே அவளிடம் சொல். முதலில் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், இங்கேயே எடுக்கலாமா, எந்த டாக்டரிடம் காட்டுவது என்று எனக்குத் தனியாக எழுது. பெண் டாக்டராக இருந்தால் அவள் வாயைத் திறப்பாள்.

செல்வி